ஆடி மாதத்துச் சம்பந்திகள்

ஆடியில் கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும், சும்மா கிடப்பதால் வாடகை பாதியாகும், வாடகை பாதியாவதால்தான் திருப்பூர் ஒட்டுப்போர்வைச் சங்கத்தின் இருபத்தாறு பெண்களும் வருஷா வருஷம் ஆடி மூன்றாம் வெள்ளி தொடங்கி ஞாயிறு வரைக்கும் செல்லாண்டியம்மன் திருமண மண்டபத்தை எடுத்து, பூமாலை தொங்கவேண்டிய இரும்புக் குழாய்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

ஒட்டுப்போர்வை என்றால் மூன்றடுக்கு. மேலே துண்டு துண்டாக வெட்டிய துணிகளைச் சேர்த்துத் தைத்த முகம், நடுவே மெல்லிசாகப் பரப்பிய பஞ்சு, அடியில் ஒரே துணியாலான முதுகு, மூன்றும் நழுவாமல் இருக்க மேலும் கீழும் ஊசி போய்ப்போய் வந்த ஓடுதையல். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் முகத்தைப் பார்த்து அடேயப்பா என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் நின்று, ‘முதுகைக் கொஞ்சம் காட்டுங்க’ என்பார்கள், ஏனென்றால் முகத்தில் ஏமாற்றலாம், முதுகில் முடியாது. ஆனால் யாரும் வெறுங்கையால் போர்வையைத் தொடக்கூடாது. அதற்கென்று வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒருத்தி சுற்றிச்சுற்றி வருவாள், கேட்டவர்களுக்கு மூலையை இரண்டு விரலால் தூக்கித் திருப்பிக் காட்டுவாள். அந்த ஒருத்தி மயிலாத்தாள்.

மயிலாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இருபத்து மூன்று வருஷமாக நின்ற இடத்தில் நின்று, தைத்து வரும் பனியன்களை விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் விட்டுப்போன தையலையும் கண்டுபிடித்து ஒதுக்கிப் போடுகிறவள். கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேல் பேச முடியாது, வீட்டில் பேச ஆள் இல்லை, புருஷன் சரக்கு வேனோடு சேலத்துக்கும் சூரத்துக்குமாகப் போய்க்கொண்டிருந்தார். ஆகவே ஞாயிறு மதியம் சங்கத்து அறையில் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே பெரிய துணியின் நாலு பக்கத்திலிருந்தும் ஊசி குத்திக்கொண்டு, மருமகள்களைப் பற்றியும் மூட்டுவலி பற்றியும் பேசுகிற மூன்று மணி நேரம்தான் அவள் வாரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற நேரம். அந்த மூன்று மணி நேரம் போய்விட்டால் மீதி வாரத்தை எப்படித் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷம் முதல்முறையாக அவளும் ஒரு போர்வை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கம்பெனி கழித்துப்போட்ட பனியன் துண்டுகளாலான போர்வை. பனியன் துணியை ஒட்டுப்போர்வையில் சேர்க்கக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம். சட்டம் போட்டவர் தலைவி மனோரஞ்சிதம் டீச்சர், பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போடுகிறவர். பனியன் துணி இழுத்த பக்கம் போகும், நேர்கோட்டில் நிற்காது. மயிலாத்தாளின் போர்வையும் அப்படித்தான் நனைந்த அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பிக்கொண்டிருந்தது, முடிச்சுகளை முதுகுப் பக்கம் மறைக்கத் தெரியாமல் முகத்திலேயே விட்டிருந்தாள்.

“போட்டியில சேத்த முடியாது,” என்றார் டீச்சர், கண்ணாடியை இறக்கிப் பார்த்து. “வேணும்னா ஓரமா தொங்கட்டும்.”

ஓரம் என்றால் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்துக் குழாய். நாற்பத்தொரு போர்வைகளில் கடைசி.

நடுக்கூடத்தில், மணவறை போடுகிற இடத்தில், டீச்சரின் ‘தெப்பக்குளம்’ தொங்கியது. நாலரை வருஷ வேலை. நாலு பக்கமும் நீலத்தில் படிப்படியாக இறங்கி, நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டுச் சதுரம், நீருக்கு நடுவே விளக்கு ஏற்றிவைத்தது போல. ஆடிக்காற்று ஜன்னல் வழியே வந்து மற்ற போர்வைகளை எல்லாம் ஆட்டிவிட்டுப் போனது, தெப்பக்குளம் மட்டும் பலகை மாதிரி அசையாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் கீழே பந்திக்குப் போனார்கள். டீச்சர் எப்போதும் பந்திக்கு வரமாட்டார், டிபன் கேரியரோடு மேடையில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவார். அன்றைக்குக் கேரியர் ஆட்டோவிலேயே போய்விட்டது, வேறு வழியில்லாமல் அவரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சமையல்காரர் காளியண்ணன் அரிசிம்பருப்புச் சாதம் வைத்து, நெய் விட்டு, டீச்சரைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார். டீச்சர் அவசரமாக நாலு வாய் சாப்பிட்டு இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். இரண்டு மணிக்கு, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவரே கூடத்தைத் திறந்தார்.

தெப்பக்குளத்தின் நட்டநடுவில் சிவப்புப் பட்டு இல்லை. அங்கே சாம்பல் நிறப் பனியன் துண்டு ஒன்று, எக்ஸ்எல் என்று அச்சடித்தது, நாலு மூலையும் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

சிவப்புப் பட்டு கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், மயிலாத்தாளின் போர்வையில் இருந்தது. அது மட்டுமில்லை. சங்கத்து ஷமீம் பானு மாங்காய் வடிவத் துண்டுகளால் தைத்த போர்வையில் ஒரு மாங்காய் போய், யாரோ ஒருத்தியின் கட்டம்போட்ட லுங்கித் துண்டு வந்திருந்தது. கட்டம்போட்ட லுங்கியின் இடத்தில் சுங்குடிப் புள்ளி, சுங்குடியின் இடத்தில் பள்ளிக்கூடச் சீருடை நீலம். ஏழெட்டுப் போர்வைகளில் துண்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறி, மாறின இடத்தில் பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல இருந்தன.

“ஆருக்கு வந்த துணிச்சல் இது?” என்று கேட்டபடி டீச்சர் மயிலாத்தாளின் கையுறையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

“நான் கீழ உங்களுக்கு எதுத்த இலையில இருந்தனுங் டீச்சர்,” என்றாள் மயிலாத்தாள். “சாவியும் உங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு.”

டீச்சர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். போர்வைக்காரிகளுக்குத் தையல் கையெழுத்து மாதிரி, ஒருத்தி தைத்ததை இன்னொருத்தி தைத்தேன் என்று சொல்லவே முடியாது. எக்ஸ்எல்லைச் சுற்றி அங்குலம் அங்குலமாக எண்ணிக்கொண்டே போனவர், மூலைக்கு வந்ததும் நின்றார். மூலைக்கு மூலை ஒரு பின்தையல், கடுகை விடச் சிறியது. அவர் ஒருத்தர்தான் அப்படிப் போடுவார்.

“என்ற கை,” என்றார் மெதுவாக. “இதை நான்தான் தைச்சிருக்கேன்.”

மயிலாத்தாளின் போர்வையில் சிவப்புப் பட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். முகத்திலேயே நாலு முடிச்சு, கோணல்மாணலாக ஓடின தையல். அது மயிலாத்தாளின் கை. லுங்கித் துண்டைத் தைத்தது ஷமீமின் கை. வந்த துண்டை எல்லாம் அந்தந்த வீட்டுக்காரியின் கையே தைத்து வரவேற்றிருந்தது.

“இது இந்தப் பனியன் துணியால வந்த வினை,” என்றார் டீச்சர் கடைசியில். “ஒரு இடத்துல நிக்காத துணி. அது நடக்க ஆரம்பிச்சதும் மத்ததும் எந்திரிச்சு நடந்துருச்சு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கோயமுத்தூர்ல இருந்து வசுமதியம்மா பரிசு போட வர்றாங்க. அதுக்குள்ள என்ற சிவப்பு என்ற இடத்துக்கு வந்துரோணும். வல்லீனா உன்ற போர்வையைக் கழட்டிக்க மயிலாத்தா. ஞாயித்துக்கிழமை தையலுக்கும் நீ வரவேண்டாம்.”

மயிலாத்தாள் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது ஒரு கிழவர் வந்து, ‘அம்மிணி, முதுகைக் காட்டு’ என்று கேட்டார், அவள் காட்டினாள்.

எப்படி நடந்தது என்று சங்கத்தில் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. எங்கள் துண்டு யார் வீட்டில் இருக்கிறது, அங்கே நன்றாக வைத்திருக்கிறார்களா என்றுதான் கேட்டார்கள். ஷமீம் பானு தன் மாங்காயைத் தேடிக்கொண்டு போய், பதினெட்டாம் போர்வையில் கண்டுபிடித்து, அந்தப் போர்வைக்காரியைக் கட்டிப்பிடித்து, “என்ன சம்பந்தி, எங்கூட்டுப் புள்ளை சாப்புட்டுதா?” என்று கேட்டாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவ்வளவுதான், அந்த நிமிஷத்திலிருந்து துண்டு மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் சம்பந்தி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள், இருபது வருஷமாக அக்கா என்றும் அம்மிணி என்றும் கூப்பிட்ட வாய்கள் எல்லாம் சம்பந்தி சம்பந்தி என்றன, சாயங்காலத்துக்குள் தாம்பூலத் தட்டும் மஞ்சள்கிழங்கும் பூவும் ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்குப் போய்வந்தன. மண்டபத்து மேனேஜர் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு வந்து, ஆடியில் எங்கள் மண்டபத்தில் சம்பந்தம் நடந்தது என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, ஒரு இளநீல மாங்காயை மட்டும் நின்று நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

யாரும் மனோரஞ்சிதம் டீச்சரை மயிலாத்தாளுக்குச் சம்பந்தி என்று சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தார்கள்.

சனிக்கிழமை ஊரே வந்தது. நூல் கடைக்காரர்கள் வந்தார்கள், சாயப்பட்டறைக்காரர்கள் நீலக் கைகளோடு வந்தார்கள், ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து இது காற்றில் இருக்கும் மின்சாரத்தால் என்று விளக்கிவிட்டு இரண்டு தட்டு ஒப்புட்டு சாப்பிட்டுப் போனார். பல்லடம் ரோட்டிலிருந்து ஒரு குடும்பம் சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு அண்ணன் தம்பிகளின் தலையணை உறைகளைக் கொண்டுவந்து, பக்கம் பக்கமாகத் தொங்கவிட இடம் கிடைக்குமா என்று கேட்டது. கிடைத்தது. எல்லோரும் மதியம் ஒரு மணிக்காகக் காத்திருந்தார்கள்.

டீச்சர் அன்றைக்குக் கூடத்தை விட்டு நகரவில்லை. ஒரு மணிக்குக் கதவை உள்ளே தாழிட்டு, தெப்பக்குளத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு, கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மணிக்குத் திறந்தபோது ஒரு துண்டும் நகர்ந்திருக்கவில்லை. சிவப்பு மயிலாத்தாளிடமே இருந்தது, எக்ஸ்எல் குளத்தின் நடுவில் மிதந்தது.

“எனக்கொரு ரோசனை சொல்லட்டா மயிலக்கா?” என்றாள் ஷமீம், கை கழுவுகிற இடத்தில் வைத்து. “நேத்து நாம இருவத்தாறு பேரும் ஒரே பந்தியில ஒட்டுக்கா உக்காந்தோம். இன்னிக்கு இருவத்தஞ்சு. அது ஒண்ணுதான் வித்தியாசம். நம்ம இலையெல்லாம் பக்கம் பக்கமா விழுந்தாத்தான் துண்டுக எந்திரிக்கும்போல.”

“அப்ப டீச்சர் பந்திக்கு வந்தா சிவப்பு திரும்பி வந்துருமா?”

“வரலாம், வராமலும் போகலாம். ஆனா அவங்க அந்தக் கேரியரைக் கட்டிட்டு உக்காந்திருந்தா, நாளைக்கு நாலு மணிக்கு நீ வெளிய.”

ஞாயிறு காலையில் முதல் வேலையாக மயிலாத்தாள் மேடைக்குப் போனாள். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் லீவு கேட்பதற்குக்கூட அவளுக்கு இவ்வளவு வேர்த்ததில்லை.

“டீச்சர், மத்தியானம் பந்திக்கு வாங்க.”

“எதுக்கு?”

“உங்க சிவப்பு வேணுமுங்களே.”

“நான் வந்தா வந்துரும்னு எழுதிக் குடுப்பியா?”

“அப்புடிச் சொல்ல முடியாதுங். ஆனா நீங்க வல்லீனா வராதுன்னு மட்டும் எழுதிக் குடுப்பனுங்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்து, வராமல் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னார், யாரிடமும் சொல்லாததை ஊசிப்பெட்டியிடம் சொல்வது போல:

“மயிலாத்தா, எனக்கு மேல்வாயில சொந்தப் பல்லு ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாம் வாங்கினது. ஒரு வாய் சோத்தை முழுங்க நாலு நிமிஷம் ஆகும். பந்தியில எல்லாரும் இலையை மூடிட்டு, நான் எப்ப எந்திரிப்பேன்னு என்ற வாயையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. வெள்ளிக்கிழமை அரை வயித்துல எந்திரிச்சேன். போதுமா?”

மயிலாத்தாள் யோசித்தாள். கம்பெனியில் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம், அவள் ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கை கழுவி வேலைக்கு வந்துவிடுவாள். சங்கத்திலேயே அவளை விட வேகமாகச் சாப்பிடுகிறவள் கிடையாது.

“உங்களுக்கு எதுத்த இலை என்றதுங்,” என்றாள். “நீங்க எந்திரிக்கற வரைக்கும் என்ற இலையில சோறு இருக்கும்.”

பல்லைப் பற்றி மயிலாத்தாள் யாரிடமும் சொல்லவில்லை, பந்தி மெதுவாக நடக்கட்டும் என்று ஷமீமிடம் மட்டும் சொன்னாள், ஷமீம் போய்க் காளியண்ணனிடம் மெதுவாகப் பரிமாறுங்கள் என்றாள். அந்த மனுஷன் முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் அடுத்த பந்தி, அடுத்த பந்தி என்று விரட்டி விரட்டிப் பரிமாறினவர். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக, இருபத்தாறு இலைக்கு முன்னாலும் நின்று, உப்பு எப்படி, காரம் எப்படி என்று கேட்டு, ஒவ்வொரு இலையிலும் ஒவ்வொரு கரண்டியாக வைத்தார். பச்சைப்பயறுக் கடைசலுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ரசம் ஊற்றும்போது ஒருத்தி தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை காணாமல் போன கதையை ஆரம்பித்தாள், அது மோர் வருவதற்குள் முடியவில்லை. ஷமீம் அப்பளத்தை நொறுக்காமல் முழுசாக வாயில் வைக்கப் பந்தயம் கட்டினாள், தோற்றாள், மறுபடி கட்டினாள். மயிலாத்தாள் ஒவ்வொரு பருக்கையாக எடுத்தாள். ஆறு நிமிஷக்காரிக்கு அது மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது, சோற்றுக்கு இத்தனை ருசி உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் முதலில் தலையைத் தூக்காமல் மென்றார், பிறகு தூக்கிப் பார்த்தார், எல்லா இலையிலும் சோறு இருந்தது, எல்லா வாயும் பேசிக்கொண்டிருந்தது, தன் வாயை யாரும் பார்க்கவில்லை. அவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டார்.

இரண்டு ஆயிற்று, மூன்று ஆயிற்று, கோயமுத்தூரிலிருந்து வசுமதியம்மா கொஞ்சம் முன்னதாகவே பரிசுக் கோப்பையோடு வந்து சேர்ந்தார், பூட்டின கூடத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து கேட்டார், அவருக்கும் ஒரு இலை போட்டார்கள். நாலுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது டீச்சர் கடைசி வாய் பாயசத்தை முழுங்கி, எதிரே பார்த்தார். மயிலாத்தாளின் இலையில் ஒரே ஒரு பிடி மோர்சாதம் மிச்சமிருந்தது. இருவரும் சேர்ந்தாற்போல் இலையை மூடினார்கள்.

கூடத்தைத் திறந்தபோது முதலில் உள்ளே போனவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மூன்று மணி நேரப் பந்தியில் துண்டுகள் போகாத இடமெல்லாம் போயிருந்தன. நாற்பத்தொரு போர்வையிலும் எல்லார் வீட்டுத் துணியும் இருந்தது. மாங்காய் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தது, குளத்தின் நீலம் கடைசிக் குழாயில் ஓடியது, அண்ணன் தம்பி தலையணை உறைகள் எது எவனுடையது என்று தெரியாமல் போயிருந்தன. பனியன் துணி எல்லாப் போர்வைக்குள்ளும் இரண்டு மூன்று துண்டாவது நுழைந்துவிட்டதால், ஆடிக்காற்று உள்ளே வந்ததும் நாற்பத்தொன்றும் சேர்ந்து மெல்ல உப்பி, மெல்ல அமுங்கி, சாப்பிட்டுவிட்டுப் படுத்த குடும்பம் மாதிரி மூச்சு விட்டன. தெப்பக்குளமும் விட்டது.

எக்ஸ்எல் மட்டும் நகரவில்லை. குளத்தின் நட்டநடுவில் அப்படியே இருந்தது.

சிவப்புப் பட்டு தெப்பக்குளத்தில் இல்லை. மயிலாத்தாளின் போர்வையிலும் இல்லை. நாற்பத்தொன்றிலும் முகம், முதுகு எல்லாம் தேடினார்கள், இல்லை. சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. மயிலாத்தாள் தன் போர்வையைக் கழற்றுவதற்காக, சாப்பிடப் போகும்போது ஜன்னலோரம் கழற்றி வைத்த கையுறைகளை எடுத்து மாட்டினாள். வலது கையை மாட்டியவள் அப்படியே நின்றாள்.

கையுறையின் உள்ளங்கையில், நாலு மூலையும் பொருந்தி, சிவப்புப் பட்டு இருந்தது.

“டீச்சர்,” என்றாள். கையை நீட்டினாள்.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். கையுறையும் பனியன் துணிதான், இழுத்த பக்கம் போகிற துணிதான், அதன்மேல் பட்டு ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது. முகத்தில் முடிச்சு எங்கேயும் இல்லை. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். மூலைக்கு மூலை கடுகை விடச் சிறிய பின்தையல்.

ஷமீம் தலையை நீட்டிப் பார்த்தாள். “அதெப்படி டீச்சர்? வந்த துண்டை வீட்டுக்காரி கைதான தைக்கும்? இது மயிலக்கா கையில இருக்குது, தைச்சது உங்க கையாச்சே?”

டீச்சர் மூன்று தடவை எண்ணினார். கண்ணாடியை மடித்து உறையில் போட்டார்.

“அப்ப அது தானா போகலை,” என்றார். “நான்தான் குடுத்திருக்கேன்.”

பரிசு யாருக்கு என்று வசுமதியம்மாவால் சொல்ல முடியவில்லை, எந்தப் போர்வை யாருடையது என்று அவர் கேட்டபோது இருபத்தாறு பேரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். கடைசியில் கோப்பையைக் காளியண்ணனுக்குக் கொடுத்தார். அவர் அதைத் துடைத்துப் பார்த்து, அதில் எத்தனை பேருக்குப் பாயசம் கொள்ளும் என்று கணக்குப் போட்டார்.

சாயங்காலம் கூட்டம் கலைகிற நேரத்தில் மயிலாத்தாள் தன் கடைசிக் குழாயில் நின்று யாருக்கோ முதுகு காட்டிக்கொண்டிருந்தாள். கழற்றச் சொன்ன போர்வை கழற்றப்படாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தெப்பக்குளத்துக்கு முன்னால், பார்க்க வந்தவர்கள் நிற்கிற வரிசையில், ஒரு பெண்ணுக்கும் ஒரு கிழவருக்கும் பின்னால் டீச்சர் நிற்பதை அவள் தற்செயலாகப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாதீர்கள் என்ற பலகைக்கு மரியாதை கொடுத்து நின்றார். மயிலாத்தாள் ஓடினாள். அவர் முறை வந்தது.

“நாலரை வருஷம் தைச்சேன், பாக்க வந்தவளா எதுத்தாப்புல நின்னு பார்த்ததே இல்ல,” என்றார் டீச்சர். “கொஞ்சம் முதுகைக் காட்டுங்க சம்பந்தி.”

மயிலாத்தாள் சிவப்பு உள்ளங்கையால் மூலையைப் பிடித்துத் திருப்பினாள்.